கண்ணுக்குத் தெரியாத கம்பி

மாதக் கணக்கு எழுதுவதற்காக மேசையில் வைத்திருந்த கல்குலேட்டரை மகள் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டரி போடுவதற்கு அதில் மூடி எதுவும் இல்லை. இலக்கங்கள் தெரியும் இடத்துக்கு மேலே கபில நிறத்தில் ஒரு சிறு பட்டை மட்டும் இருந்தது. பெருவிரலால் அதை மூடினாள். இலக்கங்கள் மங்கி மறைந்தன. விரலை எடுத்ததும் திரும்பி வந்தன.

"உம்மா, டோர்ச் பட்டரியில ரெண்டு பக்கத்தாலயும் கரண்ட் எடுக்க வேணும்தானே? இந்தப் பட்டைக்குப் பின்னால கம்பி இருக்கும். முன்னால எங்க? ஒண்டையும் காணல்லயே!"

பத்தாம் தரத்தில் படிக்கும் பிள்ளையின் கேள்வி. ஆனால் நூறு வருடங்களுக்கு மேலாக விஞ்ஞானிகளின் தூக்கத்தைக் கெடுத்துவரும் கேள்வியும் இதுதான். மின்கலம் எதுவானாலும் மின்னோட்டத்தை எடுக்க இரண்டு மின்வாய்கள் வேண்டும். சூரிய மின்கலத்தின் பின்புறத்தில் உலோகத் தகடு ஒன்றை ஒட்டிவிடலாம், அதில் சிரமமில்லை. முன்புறத்தில் என்ன செய்வது? உலோகத்தால் மூடினால் வெளிச்சம் உள்ளே போகாது. மூடாமல் விட்டால் மின்சாரம் வெளியே வராது.

ஆகவே அங்கே ஒரு 'கம்பி' இருக்கத்தான் செய்கிறது. பட்டையின் முகம் முழுவதையும் போர்த்தியபடி, கண்ணாடி போலத் தெளிவாக, நம் கண்ணுக்குப் புலப்படாமல் இருக்கிறது. ஒளிபுகும் மின்வாய் என்று அதைச் சொல்வார்கள். துணி போலச் சுருட்டக்கூடிய சூரியக் கலம் நம் வீட்டுக் கூரைக்கு இன்னும் வந்து சேராமைக்கு, கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலமும் ஒரு முக்கிய காரணம்.

கூரை தாங்காத வீடுகள்

2022ஆம் ஆண்டை நம் குடும்பங்கள் எளிதில் மறக்கமாட்டா. அவ்வருடம் மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. பிள்ளைகள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்தார்கள். குளிர்சாதனப் பெட்டியில் இருந்த இறைச்சியும் மீனும் பழுதாயின. அதன் பின்னர் கூரையில் சூரியத் தகடு பொருத்துவது பற்றிப் பேசாத வீடு இல்லை.

எங்கள் சாச்சியும் ஆசைப்பட்டார். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பணமும் கையில் இருந்தது. பார்க்க வந்த தம்பி ஏணி வைத்து ஏறினார், மரங்களைத் தட்டிப் பார்த்தார், இறங்கிவந்து, "ராத்தா, இந்த அஸ்பெஸ்டஸ் சீற்றும் மரமும் பாரம் தாங்காது. முதல்ல கூரையை மாத்துங்க. பிறகு இதைப் பாக்கலாம்" என்றார். கூரையை மாற்றும் பணம் இருந்தால் சாச்சி எப்போதோ மாற்றியிருப்பார்.

அந்தத் தம்பி சொன்னதில் பிழையில்லை. இன்று பரவலாக விற்கப்படும் சூரியத் தகடு ஒன்று சுமார் 2 சதுர மீற்றர் பரப்புடையது. 20 கிலோகிராமுக்கு மேல் நிறையுள்ளது. அந்த நிறையில் பெரும்பங்கு முன்னால் உள்ள கண்ணாடியுடையது. 10 தகடுகள் என்றால் 200 கிலோவைத் தாண்டிவிடும். அவற்றைப் பிடித்துநிற்கும் சட்டங்களின் பாரம் வேறு. பருவக்காற்று தகட்டின் அடியில் புகுந்து தூக்கும் விசை இன்னும் வேறு. கொங்கிரீட் தட்டும் உறுதியான ஓட்டுக் கூரையும் இதைத் தாங்கும். பழைய சீற் கூரைகள் பல தாங்கா.

கண்ணாடியை விட்டுவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் தாளின்மீது சூரியக் கலத்தை உருவாக்கினால் என்ன? பாரம் மிகக் குறைந்துவிடும். பாய் போலச் சுருட்டிக் கொண்டுவந்து கூரையில் விரித்துவிடலாம். இந்த யோசனை புதியதல்ல. பல பதின்ம ஆண்டுகளாக ஆய்வுகூடங்களில் முயன்று வருகிறார்கள். தடையாக நிற்பவற்றைப் புரிந்துகொள்ள, கலத்துக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

மழைநீரும் பீலியும்

கூரையில் விழும் மழைநீரைச் சேர்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மழை கூரை முழுவதிலும் விழுகிறது. நீர் ஓடிப் பீலிக்கு வந்தால்தான் தொட்டியில் சேரும். கூரை சொரசொரப்பாக இருந்து நீரை ஆங்காங்கே தேக்கிவைத்தால், பெய்த மழையில் நமக்குக் கிடைப்பது சொற்பமே.

சூரியக் கலத்திலும் அப்படித்தான். ஒளி பட்டதும் கலத்தின் பொருளுக்குள் இலத்திரன்கள் விடுபடுகின்றன. அவை மேற்பரப்பு நெடுகிலும் பக்கவாட்டில் ஓடி ஓரத்திலுள்ள உலோகக் கம்பியை அடையவேண்டும். கூரைகளில் நாம் காணும் சிலிக்கன் தகடுகளில் மெல்லிய வெள்ளிக் கோடுகள் வரிசையாகச் செல்வதைக் கவனித்திருப்பீர்கள். அவைதாம் அங்கே பீலிகள். சிலிக்கன் பளிங்கு ஓரளவு தடிப்பானது. கோட்டுக்குக் கோடு உள்ள சிறு தூரத்துக்கு மின்னோட்டத்தைத் தானே கடத்திக் கொடுத்துவிடும்.

மென்படலக் கலங்களின் கதை வேறு. அவற்றில் ஒளியை உறிஞ்சும் படை நம் தலைமயிரின் தடிப்பில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருக்கலாம். பக்கவாட்டில் மின்னோட்டத்தைக் கொண்டுசெல்ல அதற்கு வலுவில்லை. ஆகவே முகம் முழுவதையும் கடத்தியாலேயே போர்த்தவேண்டும். அந்தப் போர்வை வெளிச்சத்தையும் மறைக்கக்கூடாது.

ஒன்றுக்கொன்று எதிரான இரு குணங்கள்

உலோகம் மின்னைக் கடத்துவதற்குக் காரணம் அதிலுள்ள இலத்திரன்கள் கட்டுப்பாடின்றித் திரிவதே. அதே இலத்திரன்கள்தாம் ஒளியைத் திருப்பி அனுப்பி உலோகத்தை மினுங்கவைக்கின்றன. கண்ணாடியில் இலத்திரன்கள் கட்டுண்டு கிடக்கின்றன. அதனால் ஒளி புகுந்து செல்கிறது, மின்சாரம் செல்வதில்லை. ஒன்றைக் கேட்டால் மற்றது கைவிட்டுப் போகும். இரண்டையும் ஒரே பொருளிடம் கேட்பது எப்படி?

1883இல் அமெரிக்காவின் சார்ள்ஸ் பிரிட்ஸ் என்பவர் செலனியத்தின்மீது தங்கத்தை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய படலமாக இட்டுச் சூரியக் கலம் செய்தார். விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஒரு வீதம்கூட அதில் மின்சாரமாகவில்லை. 1907இல் ஜேர்மனியின் கார்ல் பேடெக்கர், கட்மியம் ஒட்சைட்டின் மெல்லிய படலம் ஒளியையும் விடுகிறது, மின்னையும் கடத்துகிறது என்று கண்டார். உலோகத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் மூன்றாவது வழி ஒன்று உண்டென்பது அதோடு தெரியவந்தது.

அந்த வழியில் வந்தவற்றுள் மிகவும் வெற்றி பெற்றது இந்தியம்-வெள்ளீய ஒட்சைட்டு. நிறையில் ஏறத்தாழ 90 பங்கு இந்திய ஒட்சைட்டு, 10 பங்கு வெள்ளீய ஒட்சைட்டு. இதில் திரியும் இலத்திரன்களின் தொகை, உலோகத்தில் உள்ளதில் சுமார் நூறில் ஒரு பங்கு. மின்னைக் கடத்த அது போதும். கண் காணும் ஒளியைத் திருப்பியனுப்ப அது போதாது. நடுவழியான அந்த அளவில்தான் இதன் பயன் இருக்கிறது.

பெயரைக் கேட்டு இந்தியாவில் தோண்டியெடுக்கும் பொருள் என்று எண்ணவேண்டாம். 1863இல் ஜேர்மனியின் பிரைபேர்க் நகரில் பெர்டினாண்ட் ரைக், தியோடர் ரிக்டர் என்ற இருவர் இதைக் கண்டுபிடித்தார்கள். ரைக்குக்கு நிறக்குருடு. ஆகவே ஒளிமாலையைப் பார்த்துச் சொல்லும்படி ரிக்டரிடம் கேட்டார். அதுவரை எவரும் அறியாத அவுரி நிறக் கோடொன்று அதில் தெரிந்தது. அந்த நிறத்தின் இலத்தீன் பெயரிலிருந்தே இந்தியம் என்ற பெயர் வந்தது.

இது எங்கோ தொலைவில் உள்ள பொருளுமல்ல. உங்கள் கைத்தொலைபேசியின் திரையில், தொலைக்காட்சிப் பெட்டியின் திரையில் இந்தப் படலம் இருக்கிறது. நாளில் எத்தனையோ தடவை அதன்மேல் விரலை ஓட்டுகிறீர்கள், ஒருநாளும் கண்டதில்லை. ஆனால் இந்தியத்துக்கென்று தனிச் சுரங்கம் தோண்டுவதில்லை. பெரும்பாலும் நாகத்தைப் பிரித்தெடுக்கும்போது பக்கத்தில் கிடைக்கும் சிறு வரவு அது. நாகம் குறைந்தால் இதுவும் குறையும். இதன் விலை ஏறி இறங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கஞ்சி போட்ட துணி

கண்ணாடியின்மேல் இந்தப் படலம் அருமையாக அமைகிறது. பிளாஸ்டிக் தாளின்மேல் இட முயன்றபோது இரண்டு தொல்லைகள் எழுந்தன.

முதலாவது வெப்பம். நல்ல படலம் அமையவேண்டுமானால் 200 பாகை செல்சியஸ் அளவிலோ அதற்கு மேலோ சூடாக்குவது நல்லது. சோடாப் போத்தலில் கொதிநீர் ஊற்றிப் பார்த்தவர்களுக்கு அது எப்படிச் சுருங்கிக் கோணும் என்பது தெரியும். பெரும்பாலான வளையும் தாள்கள் அதே இனத்துப் பிளாஸ்டிக்கினால் ஆனவை. ஆகவே குறைந்த சூட்டிலேயே படலத்தை இடவேண்டியிருக்கிறது. அப்போது தடை அதிகரிக்கிறது. கிடைக்கும் மின்சாரம் குறைகிறது. தடையைக் குறைக்கப் படலத்தைத் தடிப்பாக்கினால் வெளிச்சம் குறைகிறது. வளையும் தன்மையும் போகிறது.

இரண்டாவது, உடையும் தன்மை. ஒட்சைட்டு என்பது பீங்கான் இனத்தைச் சேர்ந்தது. நீளத்தில் நூற்றுக்கு 1 அல்லது 2 வீதம் இழுபட்டாலே வெடித்துவிடும். கஞ்சி போட்டுக் காய்ந்த துணியை மடித்துப் பாருங்கள். துணி கிழிவதில்லை. ஆனால் மடிப்பு நெடுகிலும் கஞ்சி உடைந்து வெள்ளைக் கோடு விழும். இங்கேயும் பிளாஸ்டிக் தாளுக்கு ஒன்றும் ஆகாது; மேலுள்ள படலம் வெடித்துவிடும். அந்த வெடிப்பு மின்னோட்டத்தின் பாதைக்குக் குறுக்கே விழுந்தால் ஓட்டம் அறுந்துபோகும். பார்வைக்குக் கலத்தில் ஒரு குறையும் தெரியாது. மின்சாரம் மட்டும் வராது.

எவ்வளவு வளைத்தால் வெடிக்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. தாளின் தடிப்பை, அது சுற்றப்படும் உருளையின் விட்டத்தால் பிரித்தால் இழுபடும் அளவு கிடைக்கும். 0.1 மில்லிமீற்றர் தடிப்புள்ள தாளை 10 மில்லிமீற்றர் விட்டமுள்ள குச்சியில் சுற்றினால் நூற்றுக்கு 1 வீதம். படலம் வெடிக்கத் தொடங்கும் எல்லை அது. தாளின் தடிப்பைப் பாதியாக்கினால் இழுவையும் பாதியாகும். தேங்காய் ரொட்டியை மடித்தால் பிளக்கிறது. வீச்சு ரொட்டியை நாலாக மடித்தாலும் பிளப்பதில்லை. இரண்டும் மாவுதான், மெல்லியது தப்புகிறது.

இன்னொரு தந்திரமும் உண்டு. பாத்திரம் கழுவும் தடித்த ஸ்பொன்ஜை வளைத்துப் பாருங்கள். வெளிப்புறம் இழுபடும், உட்புறம் நெருங்கிச் சுருங்கும், நடுவில் ஓரிடம் இரண்டுமின்றி அப்படியே இருக்கும். உடையக்கூடிய படலத்தைச் சம தடிப்புள்ள இரு தாள்களுக்கு நடுவே அந்த இடத்தில் வைத்துவிட்டால் அது பெரிதும் காப்பாற்றப்படுகிறது.

இடியப்பத் தட்டும் வெள்ளிக் கம்பியும்

உடையும் பொருளைக் காப்பாற்றுவதைவிட உடையாத பொருளைத் தேடுவோம் என்று சிலர் புறப்பட்டார்கள். அவர்கள் கண்ட வழிகளில் முக்கியமான சிலவற்றைப் பார்ப்போம்.

ஒன்று, வெள்ளி நனோ கம்பிகள். தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்களவான வெள்ளி இழைகளைத் திரவத்தில் கலந்து தாளின்மேல் பரப்பிக் காயவிடுகிறார்கள். இடியப்பத் தட்டைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், இழைகளுக்கிடையே வெளிச்சம் வரும். ஆனால் ஒவ்வோர் இழையும் மற்றதைத் தொட்டுக்கொண்டிருக்கும். இங்கேயும் அப்படியே. துவாரங்களின் வழியே ஒளி போகும். தொடுகின்ற இழைகளின் வழியே மின்சாரம் ஓடும். வளைத்தாலும் இழைகள் எளிதில் அறுவதில்லை. குறை என்னவென்றால், இழைகள் தொடும் இடங்களில் தடை அதிகம். நாளடைவில் வெள்ளிக் கொலுசு கறுப்பது போல இவையும் கறுக்கக்கூடும்.

இரண்டாவது, கடத்தும் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் மின்னைக் கடத்தாது என்றுதான் நாம் படித்தோம். அதனால்தானே மின்கம்பிக்கு அதை உறையாகப் போடுகிறார்கள்! ஆனால் 1977இல் ஹிடெக்கி ஷிரகாவா, அலன் மக்டயர்மிட், அலன் ஹீகர் ஆகிய மூவரும் பல்பகுதியப் பொருளொன்றை உலோகம் போலக் கடத்தச் செய்துகாட்டினார்கள். 2000ஆம் ஆண்டு இரசாயனவியலுக்கான நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. அந்த வழியில் வந்த ஒருவகைப் பல்பகுதியத்தை இன்று நீரில் கலந்து மை போல அச்சிடலாம். நன்றாக வளையும், விலையும் குறைவு. ஆனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடத்துவதில் வெள்ளிக்கு ஈடாகாது.

மூன்றாவது, மிக மெல்லிய வெள்ளிப் படலம் ஒன்றை இரண்டு ஒட்சைட்டுப் படலங்களுக்கு நடுவே வைப்பது. சாண்ட்விச்சின் நடுவே சீஸ் வைப்பது போல. வெள்ளியின் தடிப்பு சுமார் 10 நனோமீற்றர்தான்; அதாவது ஒரு மில்லிமீற்றரை ஒரு இலட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. மேலும் கீழும் உள்ள ஒட்சைட்டுகள் ஒளி தெறித்துத் திரும்புவதைக் குறைக்கின்றன.

நான்காவது நமக்கு மிகவும் பழக்கமானது. சொறிக்குப் பூசும் கலமைன் மருந்திலுள்ள நாக ஒட்சைட்டுடன் சிறிதளவு அலுமினியம் சேர்த்தால் அதுவும் ஒளிபுகும் கடத்தியாகிறது. சிலவகை வளையும் கலங்களில் இதையே பயன்படுத்துகிறார்கள். இந்தியத்தைவிட மலிவு. ஆனால் ஈரம் பட்டால் இதன் தரம் கெடும். நம் நாட்டைப் போல மழையும் புழுக்கமும் உள்ள இடத்துக்கு அது பெரிய குறைதான்.

நம் நாட்டுக் காரீயம்

ஐந்தாவது பொருளின் பெயரைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள்: கிராபீன். பென்சிலில் உள்ள காரீயம், காபன் அணுக்களாலான எண்ணற்ற தாள்களின் அடுக்கு. அதில் ஒரே ஒரு தாளைப் பிரித்தெடுத்தால் அதுவே கிராபீன். 2004இல் இங்கிலாந்தின் மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அந்திரே கெய்ம், கொன்ஸ்தந்தின் நொவோசெலொவ் ஆகிய இருவரும் சாதாரண ஒட்டு நாடாவைக் காரீயத்தில் ஒட்டி உரித்து உரித்தே அதைப் பிரித்தார்கள். 2010இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்கள். ஒரு தாள் கிராபீன் தன்மேல் விழும் ஒளியில் 2.3 வீதத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறது, மிகுதியை விட்டுவிடுகிறது. நன்றாகக் கடத்துகிறது, வளைகிறது.

பொகலவிலும் கஹட்டகஹவிலும் தோண்டியெடுக்கப்படும் நம் நாட்டுக் காரீயம் பாறை வெடிப்புகளில் நரம்பு போல ஓடுவது; தூய்மைக்குப் பேர்பெற்றது. அதிலிருந்து கிராபீன் எடுக்கும் முயற்சிகளும் நம் நாட்டில் நடந்துள்ளன. ஆகவே 'நம் காரீயத்திலிருந்து நம் கூரைக்குச் சூரியத் தாள்' என்று எவராவது சொன்னால் மனம் குளிரும்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். மின்வாய்க்குத் தேவையான பெரிய, தொடர்ச்சியான கிராபீன் தாளைக் காரீயத்திலிருந்து உரித்து எடுப்பதில்லை. சூடான செப்புத் தகட்டின்மீது மீதேன் வாயுவைச் செலுத்தி, அதிலுள்ள காபனைத் தாளாக வளரச்செய்து, பின்னர் பிளாஸ்டிக்குக்கு மாற்றுகிறார்கள். 2010இல் தென்கொரிய ஆய்வாளர்கள் இம்முறையில் 30 அங்குல அளவுள்ள தாளைச் செய்துகாட்டினார்கள். காரீயத்திலிருந்து கிடைப்பது சிறுசிறு செதில்கள். அவை மைக்கும், பட்டரிக்கும், பிளாஸ்டிக்கை வலுவாக்கவும் உதவும். கூரைக்கான ஒளிபுகும் தாளுக்கு அவை நேர்வழியல்ல. நம் செல்வத்தின் மதிப்பை அறிவதோடு, அது எதற்குப் பயன்படும் என்பதையும் சரியாக அறிந்துகொள்வது நல்லது.

இன்று எங்கே நிற்கிறது?

2009இல் ஜப்பானின் த்சுதோமு மியசாகாவும் அவரது குழுவினரும் பெரொவ்ஸ்கைட் என்னும் பளிங்கு அமைப்புள்ள பொருளைச் சூரியக் கலத்தில் பயன்படுத்தி 3.8 வீதம் விளைதிறன் பெற்றார்கள். இன்று ஆய்வுகூடத்துச் சிறு கலங்களில் அது 25 வீதத்தைத் தாண்டிவிட்டது. இந்தப் பொருளைத் திரவமாகக் கரைத்துத் தாளின்மீது பூசலாம் என்பதே இதன் சிறப்பு. மலைகள் நிறைந்த ஜப்பானில் சூரியத் தகடுகளை விரிக்கச் சமநிலம் குறைவு. பாரம் தாங்காத கூரைகளும் அங்கே உண்டு. ஆகவே அந்நாடு தாள் போன்ற கலங்களில் ஊக்கம் காட்டுகிறது. 2025இல் ஒசாக்காவில் நடந்த உலகக் கண்காட்சியின் பேருந்து நிலையக் கூரையில் இத்தகைய தாள்கள் பொருத்தப்பட்டிருந்தன.

சாச்சியின் கூரை போன்ற கூரைகளுக்கு வழி திறந்துவருகிறது என்பதற்கு இது அடையாளம். ஆனால் குறைகளும் உள்ளன. பெரொவ்ஸ்கைட் ஈரத்துக்கு மிகவும் அஞ்சும். அதில் சிறிதளவு ஈயமும் உண்டு. கண்ணாடித் தகடுகளுக்கு 25 வருடம் வரை உத்தரவாதம் கொடுக்கிறார்கள். தாள் கலங்கள் அந்த ஆயுளை இன்னும் நிரூபித்துக் காட்டவில்லை. வெயிலிலும் மழையிலும் பல வருடம் விரிந்துகிடந்து, வெடிக்காமலும் கறுக்காமலும் நிற்கும் ஒளிபுகும் மின்வாய் மலிவாகக் கிடைக்கும் நாளில்தான் அவை நம் கடைகளுக்குப் பரவலாக வரும்.

வாங்கு முன்

'வளையும் சூரியத் தகடு' என்ற பெயரில் இன்று கடைகளில் சில பொருட்கள் கிடைக்கின்றன. அவற்றுள் பல உண்மையான மென்படலக் கலங்கள் அல்ல; வழமையான சிலிக்கன் பளிங்கைக் கண்ணாடிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக்கில் பொதிந்தவை. இலேசாக வளையும், மடிக்கவோ சுருட்டவோ முடியாது. ஆகவே பணத்தைக் கொடுக்குமுன் சில விடயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த அளவுக்கு வளைக்கலாம் என்று எழுத்தில் இருக்கிறதா? உத்தரவாதம் எத்தனை வருடம்? அது தகட்டுக்கு மட்டுமா, மின் உற்பத்திக்கும் சேர்த்தா? கூரைச் சீற்றோடு ஒட்டிப் பொருத்தினால் அடியில் காற்றோட்டம் இருக்குமா? சூடேறினால் உற்பத்தி குறையும்; ஆயுளும் குறையும். மடிப்புக்கென்று தையலோ கீலோ வைத்த இடம் தவிர வேறெங்கும் மடிக்காதீர்கள். அதன்மேல் ஏறி நிற்கவோ, பிள்ளைகளை விளையாட விடவோ வேண்டாம். உள்ளே விழும் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. அஸ்பெஸ்டஸ் சீற்றில் நீங்களாகத் துளையிடவும் வேண்டாம். அதன் தூசு சுவாசப்பைக்குப் பெருங்கேடு.

சாச்சியிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்ப நான் இருந்து காணுவேனா மகள்?" என்று சிரித்தார். கூரைக்கு வருமோ தெரியாது. தற்போதைக்கு ஒரு சிறிய தகடும் பட்டரியும் வாங்கி, முற்றத்தில் கம்பு நட்டுப் பொருத்தி, இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் ஓடச் செய்திருக்கிறார். மின்சாரம் போனாலும் இப்போது சமையலறையில் வெளிச்சம் இருக்கிறது.

மகளோ கல்குலேட்டரைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேட்டு நிற்கிறாள். கணக்கு எழுதி முடித்ததும் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பழைய கல்குலேட்டர் கிடந்தால் பிள்ளைகளிடம் கொடுங்கள். பட்டையை விரலால் மூடித் திறந்து பார்க்கட்டும். முன்பக்கத்துக் கம்பி எங்கே என்று கேட்கட்டும். ஆண்பிள்ளைகளிடம் மட்டுமல்ல, பெண்பிள்ளைகளிடமும் கொடுங்கள்.